மண்ணுக்கான பங்கை விட்டுக்கொடுக்கக் கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கை மீண்டும் திருத்தப்படுகிறது. 2028 முதல் 2034 வரைக்கான முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்டது. விவசாயிகளின் வருமானத்துக்குச் சுமார் 30,000 கோடி யூரோ அதில் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால், நேரடி மானியத்தில் கால் பங்கைச் சூழல் காக்கும் சாகுபடிக்கு ஒதுக்க வேண்டும் என்ற இப்போதைய விதி அதில் இல்லை. அந்த முடிவு உறுப்பு நாடுகளிடமே விடப்பட்டிருக்கிறது. இந்தப் பின்வாங்கலை ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்கக் கூடாது.

போருக்குப் பிந்தைய உணவுப் பற்றாக்குறையின் நினைவு மறையாத காலத்தில், 1962இல் பிறந்த கொள்கை இது. விளைச்சல் பெருகியது, இயற்கை அதற்கு விலை கொடுத்தது. 1980க்குப் பிறகு, வயல்வெளிப் பறவைகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் பச்சைப் பாசி மண்டுவதற்கும், ஸ்பெயினின் மார் மெனோர் காயலில் 2019இல் மீன்கள் செத்து ஒதுங்கியதற்கும் வயல்களிலிருந்து வழிந்த நைட்ரேட் முக்கியக் காரணம்.

தளர்வான விதிகள் என்ன தரும் என்பதற்குச் சான்று ஏற்கெனவே இருக்கிறது. 2013 சீர்திருத்தம் நேரடி மானியத்தில் 30% தொகையைப் பசுமை நிபந்தனைகளோடு இணைத்தது. ஏறத்தாழ 5% நிலத்தில்தான் சாகுபடி முறை மாறியது என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2017இல் கண்டறிந்தது. 2014-20 காலத்தில் பருவநிலையின் பெயரில் சுமார் 10,000 கோடி யூரோ கணக்குக் காட்டப்பட்டும், வேளாண் துறையின் உமிழ்வு குறையவில்லை. ஒதுக்கீடு இருந்தபோதே இதுதான் நிலை என்றால், அதுவும் இல்லாதபோது எதை எதிர்பார்க்க முடியும்?

விவசாயிகளின் கோபம் நியாயமானது. 2005-2020 காலத்தில் சுமார் 53 லட்சம் பண்ணைகள் மறைந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறு பண்ணைகள். 2024இல் டிராக்டர்களோடு அவர்கள் தெருவுக்கு வந்தபோது, பூச்சிக்கொல்லிக் குறைப்புச் சட்ட வரைவு திரும்பப் பெறப்பட்டது. 4% நிலத்தைச் சாகுபடியின்றி விடும் கட்டாயமும் நீக்கப்பட்டது. இவற்றால் கோதுமைக்கோ பாலுக்கோ நல்ல விலை கிடைத்துவிடவில்லை. நிலப்பரப்பை அளந்து கொடுப்பதால், நேரடி மானியத்தில் சுமார் 80% தொகை 20% பேரிடம் சேர்கிறது. சிறு விவசாயியை நெருக்குவது இந்த அநீதி. சூழல் விதிகள் அல்ல.

ஒருவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் யூரோவுக்கு மேல் கிடையாது என்று ஆணையத்தின் முன்மொழிவில் உள்ள புதிய உச்சவரம்பு சரியானது. 2018இல் முன்வைக்கப்பட்ட இதே வரம்பு, பேரத்தின் முடிவில் நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இம்முறை அது கட்டாயமாக வேண்டும். அதில் மிஞ்சும் பணம், உயிர்வேலி வளர்ப்பவருக்கும், ஈரநிலத்தை விட்டுவைப்பவருக்கும், உரத்தைக் குறைப்பவருக்கும் இழப்பீடாக அல்லாமல் வருமானமாகச் சேர வேண்டும். சூழலுக்கான பங்கு கால் பங்கிலிருந்து உயர வேண்டும்; பலன் வயலில் அளக்கப்பட வேண்டும். மக்களின் வரிப்பணம் நிலத்தின் அளவுக்காகத் தரப்படும் காலம் முடியட்டும். அந்த நிலத்தைக் காக்கும் உழைப்புக்காகத் தரப்படட்டும்.