சீழெல்லாம் கிருமியாலன்று

முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியை நாடிவரும் ஏழை ஜனங்களை உத்தேசித்து, ஓர் அபூர்வ வியாதியைப் பற்றிச் சொல்வது அவசியமாகிறது. கடும் ஜுரத்தோடு, சிவந்து எரியும் தோலின்மேல் குண்டூசித் தலையளவில் சீழ்க்கொப்புளங்கள் எழுந்து, ஒன்றோடொன்று கலந்து, பின் காய்ந்து செதிலாய் உரியுமானால், அதை அம்மையென்றோ கிருமித்தொற்றென்றோ உடனே முடிவுகட்டலாகாது. 1910-இல் வான் சும்புஷ் என்ற மருத்துவர் விவரித்த சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் என்னும் தோல்நோயாகவும் அது இருக்கக்கூடும். புதுக்கொப்புளத்தின் சீழைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால் பொதுவாகக் கிருமி எதுவும் வளராது என்பதும், தோலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பதுமே நிர்ணயத்துக்கு வழிகாட்டும்.

சொரியாசிஸ் உள்ளவர் மருந்துச்சீட்டின்றி வாங்கி விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே பலருக்கு இந்த விபரீதத்தைக் கிளப்பிவிடுகிறது. கர்ப்பகாலத்திலும் இது தோன்றுவதுண்டு. நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து, நீர்ச்சத்தையும் ரத்தத்தின் கால்சியத்தையும் கவனித்து, அசிட்ரெட்டின், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளால் சிகிச்சையளிக்கலாம். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அசிட்ரெட்டின் அறவே ஆகாது. இந்நோய்க்கென 2022-இல் அமெரிக்கா அனுமதித்த ஸ்பெசோலிமாப் என்னும் புதுமருந்து பாமரருக்கு எட்டாத விலையுடையது. ஆதலால், சீட்டில்லாத ஸ்டீராய்டு விற்பனையைத் தடுப்பதும், பழைய மருந்துகளையேனும் அரசு மருத்துவமனைகளில் தட்டின்றி வைத்திருப்பதும் அரசாங்கத்தின் தலையாய கடமையாகும்.