தேசபக்தியின் விலை ஆறு மாதச் சம்பளமா?

2025 மே மாதத்தில், எல்லையில் மோதல் மூண்டிருந்த நாட்களில், பிராந்திய ராணுவத்தினரைத் தேவைக்கேற்பப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு ராணுவத் தலைமைத் தளபதிக்கு வழங்கியது. அப்படையின் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களைத் திரட்டவும் ஒப்புதல் அளித்தது. தொலைக்காட்சிகளில் தேசபக்தி முழக்கம் விண்ணைப் பிளந்தது. ஆனால், அழைக்கப்படும் வீரர் திரும்பி வரும்போது அவரது வேலை அவருக்காகக் காத்திருக்குமா என்ற கேள்வி அந்த இரைச்சலில் கேட்கவே இல்லை.

பிராந்திய ராணுவம் முழுநேரப் படையன்று. வேறொரு பிழைப்பு உள்ளவர்களே அதில் சேருகிறார்கள். ஆண்டுதோறும் பயிற்சிக்குச் செல்வதும், அழைப்பு வந்தால் சீருடை அணிவதும், பிறகு பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ திரும்புவதும் அவர்களது வாழ்க்கை. எனவே, முதலாளி அவர்களை விடுவித்து அனுப்புவதும் மீண்டும் ஏற்றுக்கொள்வதும் முதலாளியின் பெருந்தன்மையைச் சார்ந்த விஷயமாக இருக்க முடியாது. அது தொழிலாளியின் உரிமையாக இருந்தாக வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டம் என்ன சொல்கிறது? பயிற்சிக்காகவோ படைப்பணிக்காகவோ சென்று திரும்பியவரை, இடைவெளியே நேராதிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நிலைக்குக் குறையாத நிலையில் மீண்டும் பணியில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்கிறது 7ஏ பிரிவு. இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கும் நோக்கில் முன்கூட்டியே வேலைநீக்கம் செய்தாலும் முதலாளி தப்ப முடியாது. வருங்கால வைப்பு நிதி உரிமைகளுக்கும் சட்டத்தில் இடமுண்டு. இவை நல்ல பிரிவுகள், மறுப்பதற்கில்லை.

ஆனால் 'கடமை' என்று தொடங்கும் அதே பிரிவில் ஓர் 'ஆயினும்' வருகிறது. முதலாளி மறுத்தாலோ, மீண்டும் சேர்ப்பது நடைமுறையில் இயலாது என்று சொன்னாலோ, விவகாரம் ஓர் அதிகாரியிடம் செல்லும். அவர் முதலாளிக்கு விலக்கு அளிக்கலாம். அல்லது அதிகபட்சம் ஆறு மாத ஊதியத்தை இழப்பீடாகத் தரச் சொல்லலாம். அவரது ஆணையையும் மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய்! சட்ட வாசகங்களை மொழிபெயர்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வரி தரும் உரிமையை 'ஆயினும்' என்ற ஒற்றைச் சொல் விலைபேசிவிடுகிறது.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். சட்டத்தின் கடமை அவரை வேலைக்கு அமர்த்தியவரைச் சேர்கிறது. ஆலையை நடத்தும் பிரதான முதலாளியோ கைகழுவிவிடுகிறார். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, குறித்த கால வேலை முடிவுறுவதை ஆட்குறைப்பாகவே கருதுவதில்லை. அத்தகைய தொழிலாளி முகாமில் இருக்கும்போதே அவரது ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால், திரும்பிச் செல்ல அவருக்கு ஏது வேலை?

சிறு தொழில் நடத்துவோர் ஆள் இல்லாத நாட்களை எப்படிச் சமாளிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படையை வைத்திருப்பது அரசு. அந்தச் சுமைக்கு அரசே ஈடு கொடுக்கட்டும். அதைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

தொழிலாளியின் வேலைக்கு வலுவான உத்தரவாதம் தராத இதே சட்டத்தின் 6ஏ பிரிவு, அரசு ஊழியர்களையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைத் தொழிலாளர்களையும் கட்டாயமாகப் படைப்பணிக்கு அழைக்க வழிசெய்கிறது. 1974 மே மாதத்தில் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றபோது, ரயில்களை ஓட்டப் பிராந்திய ராணுவத்தினர் இறக்கப்பட்டதை நமது இயக்கம் மறந்துவிடவில்லை. சீருடை அணிந்த தொழிலாளியைத் தன் சக தொழிலாளிக்கு எதிராகவே நிறுத்தியது ஆளும் வர்க்கம்.

எனவே தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டும். மறுபணியமர்த்தலுக்குப் பதிலாக இழப்பீடு கொடுத்து முதலாளி தப்பிக்கும் வழி அடைக்கப்பட வேண்டும். பயிற்சிக்கால விடுப்பு சட்டப்பூர்வ உரிமையாக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் பிரதான முதலாளியும் பொறுப்பேற்க வேண்டும். வேலைநிறுத்தங்களை உடைக்கப் பிராந்திய ராணுவத்தைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட வேண்டும்.

வீரரைப் போற்றும் ஆட்சியாளர்கள் முதலில் அவரது வேலையைக் காப்பாற்றட்டும். அதற்கு மனமில்லாதவர்களின் தேசபக்தி, ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிந்துபோகும் தேசபக்திதான்.