அக்காவின் முகத்தை அழித்த கேமரா

காலை நடைக்கு மலைக்கோட்டை அடிவாரம் வரும் நண்பர் ஒருவர் புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறார். "ராத்திரியில எடுத்தாலும் ஒரு புள்ளி இல்ல சார், பளிங்கு மாதிரி வருது" என்று காட்டினார். பளிங்கு மாதிரிதான் இருந்தது. எழுபதை நெருங்கும் அவர் மனைவியின் முகமும் பளிங்காகவே இருந்தது. "ஜேபெக்கில் எடுக்காதீர்கள், ராவில் எடுங்கள்" என்றேன். "அதெல்லாம் கல்யாண போட்டோகிராபருக்கு, நமக்கு எதுக்கு?" என்றார். நடந்துகொண்டே பதில் சொன்னால் மூச்சு வாங்குகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். வெளிச்சம் தண்ணீர்க் குழாய் போல ஒரே சீராக வருவதில்லை, மழைத்துளி போலத் துளித்துளியாக வருகிறது. முற்றத்தில் நூறு டம்ளர்களை வரிசையாக வைத்தால், கனமழையில் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு நிரம்பும். தூறலில் ஒன்றில் எட்டுத் துளி விழும், பக்கத்தில் பன்னிரண்டு விழும். கேமராவின் சென்சாரும் அப்படித்தான். ஒரு கட்டத்தில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. இதைத்தான் நாய்ஸ், இரைச்சல் என்கிறார்கள். ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடிவிடாது. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டும், இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இதைக் கேமரா எப்படிப் போக்குகிறது? ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, விலகி நிற்பதைச் சராசரிக்கு இழுத்து விடுகிறது. எது தூறலின் குறும்பு, எது தோலின் சுருக்கம் என்று அதற்குத் தெரியாது. இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். என் அக்காவுக்கு ஏழு வயதில் பெரியம்மை வந்தது. நாங்கள் அப்போது புதுச்சேரியில் இருந்தோம். பிழைத்துக்கொண்டாள், முகம் நிறைய வடு. அந்த முகத்தோடுதான் திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டாள். அவள் பின்னால்தான் நானும் இந்த ஊருக்கு வந்து, தேர்வு எழுதி, குமாஸ்தா ஆனேன். "மாரியாத்தா எனக்குக் கொடுத்த முத்து, தம்பி" என்று கன்னத்தைத் தடவிக்கொள்வாள். ஒரு மாசித் திருவிழா இரவில் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் அவளைப் படம் எடுத்தேன். மங்கலான விளக்கு, ஐஎஸ்ஓ 6400. நாய்ஸ் ரிடக்‌ஷனை 'ஹை' என்று வைத்தவன் நானேதான். எடுத்தது ஜேபெக்கில் மட்டும்.

அந்த ஆண்டு ஆடியில் அக்கா போய்விட்டாள். கருமாதிக்குப் படம் வேண்டுமென்று மருமகன் கேட்டான். இதைத்தான் கொடுத்தேன். பெரிதாக அச்சிட்டு மாலை போட்டு வைத்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இது அம்மா மாதிரியே இல்லையே" என்றான். வடு ஒன்றுகூட இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவள் சுமந்த முகத்தைக் கேமரா இரைச்சல் என்று எண்ணித் துடைத்திருந்தது. ரா கோப்பு இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலையில் மீட்டிருக்கலாம். ஜேபெக்கில் மீட்க எதுவும் மிச்சமில்லை.

ரா என்றால் என்ன? சென்சார் பிடித்த அளவுகளைக் கேமரா தன் யோசனைப்படி சமைக்காமல் அப்படியே எழுதி வைப்பது. பெரும்பாலான கேமராக்களில் அந்த 'ஹை', 'லோ' அமைப்பு ஜேபெக்கை மட்டுமே பாதிக்கும். 14 பிட் ராவில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 16,384 படிகள். ஜேபெக்கில் 256 தான். போதாக்குறைக்கு ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைக்கும் நுணுக்கங்களைத் தள்ளிவிடுகிறது. தள்ளியது திரும்பாது.

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய நண்பர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம். ஒரு கோப்பை முடிக்கும்போது எல்.டிஸ். போட்டால் ஓராண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். எதை அழிக்கலாம் என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் அழிப்போம். கேமரா என்ன செய்கிறது? தூய நகலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, மூலக் கோப்பை யாரையும் கேட்காமல் அதே நொடியில் கொளுத்திவிடுகிறது. நான் அப்படிச் செய்திருந்தால் அன்று மாலையே மெமோ வந்திருக்கும்.

நம் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வைத்தார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான். தகடுகளைப் பிற்காலத்தில் கணினிக்கு மாற்றியபோது 16 பிட் ஆழத்தில், அதாவது 65,536 படிகளில் பதிவு செய்தார்கள். எடுத்தவர்கள் நினைத்தும் பார்க்காத கேள்விகளை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தகடுகளிடம் கேட்கிறார்கள். மூலம் இருப்பதால்தான் பதில் கிடைக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று அன்றைக்கே யாராவது சூரியனின் முகத்தைத் துடைத்திருந்தால்?

மறுப்புகளும் எனக்குத் தெரியும். ரா கோப்பு பெரியது என்பார்கள். உண்மைதான், ஜேபெக்கைப் போல மூன்று நான்கு மடங்கு இடம் பிடிக்கும். ஆனால் பேரனுக்கு வாங்கும் ஒரு சட்டையின் விலையில் ஆயிரக்கணக்கான படம் கொள்ளும் கார்டு கிடைக்கிறது. கணினியில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறென்ன அவசரம்? பத்திரிகைக்காரருக்கு ஜேபெக் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அவர் படம் ஐந்து நிமிடத்தில் அச்சுக்குப் போக வேண்டும். நம் படங்கள் நமக்குப் பிறகும் இருக்க வேண்டியவை.

இரைச்சலை நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீக்குங்கள், ஆனால் நீங்கள் நீக்குங்கள். எவ்வளவு, எந்த இடத்தில் என்று அந்த முகத்தை அறிந்தவர் முடிவு செய்யட்டும். வானத்தில் துடையுங்கள், சுவரில் துடையுங்கள், கன்னத்தில் கையை எடுங்கள். மென்பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு தேறி வருகின்றன. இன்றைய ராவைப் பத்தாண்டு கழித்து இன்னும் நன்றாகத் திருத்தலாம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இரைச்சலுக்கு 'ப்ருயி' என்று பெயர். பதப்படுத்தாத மூலத்துக்கு 'ப்ருட்'. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ஒரு 'ஐ' தான் வித்தியாசம். அவ்வளவு நெருக்கம். ஒன்றை விரட்டப்போய் மற்றதை இழந்துவிடுகிறோம்.

நண்பரே, நாளைக் காலை கேமராவைக் கொண்டு வாருங்கள். மெனுவில் 'ரா பிளஸ் ஜேபெக்' என்று ஒன்று இருக்கும், மாற்றித் தருகிறேன். பளிங்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அம்மாளின் முகம் மட்டும் ஆர்.டிஸ்.ஸில் இருக்கட்டும்.