பத்தாண்டு கற்றவர் முதலாண்டு மாணவரா?

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இசையாசிரியர் பஞ்சமில்லை. மாட்டுங்காவை அடுத்துள்ள, 1952இல் தொடங்கப்பெற்ற சண்முகானந்த சபாவும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும், வீட்டு முன்னறைகளில் நடைபெறும் எண்ணற்ற பாட்டு வகுப்புகளும் சரளி வரிசை முதல் கீர்த்தனை வரை பல தலைமுறைகளுக்குக் கற்பித்துள்ளன. தாராவியில் வேறு வழி உருவானது. பிளாஸ்டிக் பீப்பாய்களைத் தாளக்கருவியாக்கியது ‘தாராவி ராக்ஸ்’. ராப்பையும் பீட்பாக்ஸையும் கட்டணமின்றிக் கற்பிக்கிறது ‘தாராவி டிரீம் ப்ராஜெக்ட்’.

இவ்வாறு கற்றவர் பட்டப்படிப்பை நாடும்போதுதான் சிக்கல் எழுகிறது. அவருடைய பத்தாண்டுப் பயிற்சி பெரும்பாலும் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. கற்றதையே முதலிலிருந்து கற்கும் முதலாண்டு மாணவராக அவர் மீண்டும் அமர நேர்கிறது.

இதற்கான முன்மாதிரிகள் புதியவை அல்ல. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் நிறுவிய கந்தர்வ மகாவித்யாலயத்தின் மரபில், பிராரம்பிக் முதல் விசாரத் வரை ஏழு படித் தேர்வுகள் இன்றும் நடைபெறுகின்றன. எந்த ஊரில், எந்த ஆசிரியரிடம் கற்றவரும் அவற்றை எழுதலாம். தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நாகசுரம், தவில், தேவாரம் முதலியவற்றை மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகவே நடத்துகின்றன. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு இசை பயின்றவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாற இயலும். ஆயினும் இசைத் துறைகள் பொதுவாக அவரை வாசித்துக் காட்டச் சொல்லும். செவிப்பயிற்சியிலும் இசைக் கோட்பாட்டிலும் நிலையறியும் தேர்வு வைக்கும். தேறாத பகுதியை மட்டும் அவர் மீண்டும் படித்தால் போதும்.

இந்தியாவிலும் சட்டகம் தயாராகவே உள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முன்வைத்த கிரெடிட் வங்கிக்கு 2021இல் விதிமுறை வந்தது. 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் சட்டகம், முறைசாராக் கல்வியையும் அனுபவத்தையும் மதிப்பிட்டுக் கணக்கில் கொள்ள இடமளிக்கிறது. எஞ்சியிருப்பது, மதிப்பிட முன்வரும் துறைகளின் மனம்.

தரம் தாழும் என்பதே வழக்கமான மறுப்பு. சபையில் கற்றவருக்குக் கோட்பாடு தெரியாது, குடிசைப்பகுதியில் பீப்பாய் அடித்தவருக்குத் தாளத்தின் பெயர்கூடத் தெரியாது என்பர். மொழியியலின் முதற்பாடம் இங்கே துணைக்கு வருகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு வேற்றுமை உருபு என்ற சொல் தெரியாது. ஆனால் ‘அம்மாவை’ என்னும் இடத்தில் ‘அம்மாவுக்கு’ என்று அது சொல்வதில்லை. இலக்கணம் அதனிடம் இருக்கிறது. கலைச்சொல் மட்டுமே இல்லை. காலப்பிரமாணம் பிறழாமல் அரைமணி நேரம் அடிக்கும் இளைஞரிடமும் தாள இலக்கணம் உள்ளது. அவருக்குத் தேவைப்படுவது கலைச்சொற்களையும் குறியீட்டையும் கற்பிக்கும் ஒரு பருவ இணைப்புப் படிப்பு. மூன்றாண்டுத் தொடக்கப் பாடத்தை அதற்கு ஈடாகக் கேட்பது தரத்தைக் காப்பதாகாது.

1969 முதல் இசைத் துறையையும், பின்னர் நாட்டார் கலைகளுக்கென லோக் கலா அகாதெமியையும் நடத்திவரும் மும்பைப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கத் தகுந்த இடம். சபைகளின் ஆசிரியர்களும் தாராவியின் பயிற்றுநர்களும் தேர்வுக்குழுவில் துறைப் பேராசிரியர்களுடன் அமரட்டும். வாசித்துக் காட்டும் தேர்வில் தேறியவருக்கு உரிய கிரெடிட் அவர் கணக்கில் ஏறட்டும்.

செம்பூரில் வசதியுள்ள குடும்பத்துப் பெண் இந்த ஏற்பாடு இல்லாமலும் பட்டம் பெற்றுவிடுவார்; ஓராண்டு கூடுதலாகும், அவ்வளவே. பகலில் வேலை பார்த்து மாலையில் வாசிக்கும் தாராவி இளைஞருக்கோ அந்த ஓராண்டு, படிப்பா பிழைப்பா என்று முடிவு செய்யும் ஆண்டு. கற்றதைக் கணக்கில் எடுக்காத பல்கலைக்கழகம் அந்த முடிவை அவருக்காகத் தானே எடுத்துவிடுகிறது.