மீண்டும் பறந்தால்தான் மறுபயன்பாடு

நெம்மேலிக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது திருவிடந்தை. 2024 ஆகஸ்டு 24ஆம் நாள் அக்கடற்கரையிலிருந்து ‘ரூமி-1’ என்னும் ஏவூர்தி விண்ணை நோக்கிப் பாய்ந்தது. ஸ்பேஸ் ஸோன் இந்தியா என்னும் தமிழகத் தனியார் நிறுவனத்தின் படைப்பு அது. இந்தியாவின் முதல் மறுபயன்பாட்டுக் கலப்பின ஏவூர்தி என அறிவிக்கப்பட்டது. முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் ‘மறுபயன்பாடு’ என்னும் சொல்லை நாம் சற்றே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

ரூமி வான்குடை விரித்து இறங்கும் வகையினது. சுற்றுப்பாதையை எட்டாத சிறிய ஏவூர்திக்கு அது போதும். அமெரிக்காவின் ஃபால்கன்-9 ஏவூர்தியின் முதலடுக்கோ, எஞ்சிய எரிபொருளை எரித்து வேகந்தணித்து, கால்விரித்து, நிமிர்ந்தவாறே தரையில் நிற்கும். 2015 டிசம்பரில் அது முதன்முதலாக அவ்வாறு நின்றபோது உலகம் வியந்தது. எனினும், திரும்பிவந்த முதலடுக்கு ஒன்று மறுமுறை பறந்தது 2017 மார்ச் 30ஆம் நாளில்தான்! இடையில் அத்துணைக் காலம் சென்றது.

கடலில் இறங்குவதாயின் தொல்லை இன்னும் மிகுதி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைந்த நெம்மேலியில் உப்பின் இயல்பை எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. நனைந்த பொறியைச் செப்பனிடும் செலவு, புதியது செய்யும் செலவினும் குறைந்தாலன்றிச் சிக்கனம் ஏது?

முதலடுக்கு மீளும் புதிய ஏவூர்திக்கென நடுவண் அரசு 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தை மேற்கொள்ளும் இஸ்ரோவும், ரூமியை ஆக்கியோரும், ஒரே ஏவூர்தி இருமுறை பறப்பதற்கான செலவுக் கணக்கைப் பொதுவில் வைத்தல் வேண்டும். பொறியியல் பயிலும் நம் மாணவர்க்கு ஏவுதலின் ஒளிப்படத்தினும் அக்கணக்கே பெரிதும் பயன்படும்.