கழன்று விழுந்த நகத்தை யார் எண்ணினார்கள்?

"பொதுமக்களே வாருங்கள்! பறவையைப் படம் எடுங்கள், பட்டாம்பூச்சியை எண்ணுங்கள், நீங்களும் விஞ்ஞானிதான்!" என்று அழைக்கிறார்கள். இதற்குக் குடிமக்கள் அறிவியல் என்று பெயர். 2016-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய இரண்டு நகரங்கள் போட்டியாகத் தொடங்கிய 'நகர இயற்கைச் சவால்' இன்று நம் நாடு வரை வந்துவிட்டது. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அழைப்பு எந்த மொழியில் வருகிறது? ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் செய்யும் நம் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்?

நம்மவர்கள் வராவிட்டால் "இந்தியர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆர்வம் இல்லையா? செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க வைத்த ஆந்தைக் கூண்டில் எப்போது குஞ்சு பொரித்தது என்று அங்கே வேலை செய்த அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள்!

இதைவிடப் பெரிய சாட்சி நம் தாய்மார்கள். தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மூக்கில் ரத்தம், தோலில் புண், கழன்று விழும் நகம். இந்த வேதனையைக் கணக்கெடுக்க எந்தக் கைப்பேசிச் செயலியும் வரவில்லை. தெனாகனிதாவும் பூச்சிமருந்துக்கு எதிரான பான் ஆசிய பசிபிக் அமைப்பும்தான் தோட்டத் தொழிலாளர்களிடமே கேட்டு ஆய்வு நடத்தி, 2002-இல் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையையே தளர்த்தியது! முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் யாருடைய நகம் கழன்றது?

மருந்தடித்த பெண் வாய் திறந்தாளே, அதுதான் குடிமக்கள் அறிவியல். அங்கே கேள்வி அவளுடையது. பறவைக் கணக்கில் கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது. எண்ணிக் கொடுக்கும் நாம் அங்கேயும் கூலிதான், அதுவும் சம்பளம் இல்லாத கூலி!

திட்டம் போடும் மேசையில் நமக்கு நாற்காலி வேண்டும். படிவம் தமிழிலும் மலாயிலும் வேண்டும். குடியிருப்புக்குப் பின்னால் கறுத்து ஓடும் கால்வாய்த் தண்ணீரையும் அளக்க வேண்டும். மலிவுவிலை அடுக்குமாடிகளில் டிங்கிக் கொசு எங்கே முட்டையிடுகிறது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். வருகிறவர்களுக்கு பஸ் காசாவது கொடுங்கள்.

அடுத்த முறை உங்கள் தமிழ்ப்பள்ளிக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: எங்கள் பிள்ளைகள் எண்ணிக் கொடுத்ததன் முடிவை எங்களிடம் எப்போது, எந்த மொழியில் வந்து சொல்வீர்கள்?