தண்ணீர்க் கவலையும் மனக்கவலைதான்



மழைக்குக் குறைவில்லாத மாகாணம் நம்முடைய சப்ரகமுவ. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. களு கங்கை இரத்தினபுரியைத் தொட்டு ஓடுகிறது. களனி கங்கை எட்டியாந்தோட்டை வழியாக இறங்கிப் போய்க் கொழும்பு நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுக்கிறது. அதே ஆற்றோரத்து மலைகளில் கொழுந்து பறிக்கிறவர்களும் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர்களும் தாங்கள் வாழும் லயங்களில் இன்றைக்கும் குடத்தோடு காத்து நிற்கிறார்கள்.

கெட்ட தண்ணீரால் வயிற்றோட்டம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரும் மலசலகூடமும் இல்லாத குறை மனதை என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

லயத்தில் இருக்கிற ஒரு தாயின் பொழுதைப் பாருங்கள். இருட்டோடு எழும்பும்போதே பீலியில் தண்ணீர் வருமா என்ற யோசனை. முதல் குடம் யாருக்கு என்பதில் பக்கத்துக் காம்பராவோடு நேற்று நடந்த சண்டை இன்னும் ஆறவில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான். மலையில் ஒதுங்க இடமில்லை என்பதால் தேத்தண்ணியைப் பாதியோடு வைத்துவிட்டுக் கிளம்புகிறாள். பல குடும்பங்களுக்குப் பொதுவான கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கிறது. மழை இரவில் வயசுக்கு வந்த மகள் அங்கே போக வேண்டுமென்றால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு தாயும் கூடவே இறங்க வேண்டும். மகள் திரும்பிக் கதவடைக்கும் வரை அவளுக்கு நிம்மதியில்லை. இதை எந்த டிஸ்பென்சரியிலும் நோய் என்று எழுதுவதில்லை.

ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. பொலிவியாவின் கோச்சபம்பா நகரக் குடியிருப்பொன்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆம்பர் வூட்டிச், 2008இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். கிடைக்கிற தண்ணீரின் அளவைக் காட்டிலும், அதைப் பெறுவதற்குத் தெளிவான முறையோ உரிமையோ இல்லாததே மக்களின் மனதை அதிகம் வாட்டுகிறது என்று அவர் கண்டார். ஒடிசாவில் பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு, ஒதுங்கப் போகும்போது ஏற்படும் பயம், வெட்கம், பாலியல் தொல்லை பற்றிய அச்சம் ஆகியவற்றை மன அழுத்தமாகவே பதிவு செய்தது. எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் உள்ள நம் பெண்கள் இதைப் படித்தால் தங்கள் கதை என்றே சொல்வார்கள்.

தண்ணீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலோ 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட நெடுங்காலம் தடையாக நின்றது. வாக்குப் போட மட்டும் தோட்டம், வேலைத்திட்டம் என்றால் தோட்ட நிர்வாகத்தைக் கேள் என்ற நிலை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும், 2021இல் இங்கே வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகட்டா, அடிப்படை வசதி இல்லாத லய வாழ்க்கையைத் தன் அறிக்கையில் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. நுவரெலியாவைப் போல ஒரே திரளாக இல்லாமல் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழ்கிறவர்கள் சப்ரகமுவத் தமிழர்கள். அதனால் அவர்களுடைய குரல் சபைக்குள் போய்ச் சேருவதே பெரும்பாடு.

குழாயும் கக்கூசும் கொடுப்பது மனநல சேவையும்தான். இதை அதிகாரிகள் ஏற்க வேண்டும். பயந்தும் அலுத்தும் போயிருக்கிற ஒரு பெண்ணுக்கு உளவளத்துணை தேவை. பூட்டக்கூடிய கதவும் வெளிச்சமும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் அதற்கு முன்பே தேவை.

வாசகர்களே, 2025 மே மாதம் நீங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதேச சபை உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் லயத்துக்குக் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? தனியாகப் போகாதீர்கள், மாதர் சங்கத்தோடும் கோயில் கமிட்டியோடும் எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, பிள்ளைகள் பாடசாலைக்கு வராத நாட்களுக்குக் காரணம் கேட்கும்போது தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். மனம் தாங்க முடியாத நேரத்தில் யாரும் தனியே இருந்து அழ வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

உங்கள் லயத்து நிலைமையை எங்களுக்கு எழுதுங்கள். வருகிற கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்